கும்பகோணம் வாடகை நூலகம்: பைண்டு தொடர்கதை அலமாரி

மகாமகக் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் இந்த வாடகை நூலகத்தில், காதல் கதை எழுதிப் பழகுபவர்களுக்கு உண்மையான சொத்து வார இதழ்களிலிருந்து எடுத்து பைண்டு செய்த தொடர்கதைகள்தான். பொய் சொல்லும் நாயகன், வீம்பை விடாத நாயகி. அந்தக் குறை எந்த அத்தியாயத்தில் முதலில் தலைகாட்டுகிறது, யாரைக் காயப்படுத்துகிறது, ‘தொடரும்’ எங்கே விழுகிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டே படிக்கலாம். மாத நாவல்களிலோ பெரும்பாலும் கடைசிப் பத்துப் பக்கத்தில் ஒரே மன்னிப்பில் எல்லாம் கரைந்துவிடும்.

எடுக்கும்போது அத்தியாய எண்களைப் புரட்டிச் சரிபாருங்கள். ஒரு வாரத்து அத்தியாயம் விட்டுப்போயிருந்தால் நாயகன் ஏன் திருந்தினான் என்பதே புரியாது. தையல் உள்ளே தள்ளி விழுந்த தொகுதிகளில் வரியின் கடைசி எழுத்துகள் மடிப்புக்குள் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் கீழ்த்தட்டு வேண்டாம். ஈரத்தில் பக்கங்கள் ஒட்டியிருக்கும். திருப்பித் தர 7 நாள் கெடு இவ்வளவு தடித்த தொகுதிக்குப் போதவே போதாது, 15 நாளாவது தரவேண்டும்.