பழைய மொசைக்கா, ஆத்தங்குடிக் கல்லா, விட்ரிஃபைட் டைல்ஸா?

எண்பதுகளில் கட்டிய கான்கிரீட் வீடுகளில் பல ஒரே அச்சில் வார்த்தவை: சதுரக் கூடம், இரும்புக் கம்பி ஜன்னல், மங்கிப்போன மொசைக் தரை. அத்தகைய வீட்டுக்குக் களை சேர்க்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது தரையில்தான்.

அதிக வெப்பத்தில் சுட்டு இறுக்கிய விட்ரிஃபைட் டைல்ஸ் வசதியானது. தடிமன் குறைவு, பழைய தரை உறுதியாக இருந்தால் அதன்மேலேயே பசை போட்டு ஒட்டிவிடலாம். கறையும் எளிதில் பிடிக்காது. ஆனால் அது போட்ட கூடம் எந்த ஊர், யார் வீடு என்று எதையும் சொல்வதில்லை.

ஆத்தங்குடிக் கல்லின் அழகே தனி. காரைக்குடிக்கு அருகிலுள்ள அந்த ஊரில் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, அதன் ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமென்ட் குழம்பைக் கையால் ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்தபின் மணலும் சிமென்டும் கலந்து மேலே நிரப்புகிறார்கள். சூளையில் சுடுவதில்லை. தண்ணீரில் ஊறி இறுகிய பின் கண்ணாடியைப் பிரித்தால் அதன் வழவழப்பு கல்லின் முகத்தில் தங்கியிருக்கும். ஒரு பூவைப் போல இன்னொரு பூ அச்சு அசலாக அமையாது. நடக்க நடக்க மெருகும் கூடும். ஆனால் புளியோ எலுமிச்சையோ சிந்தினால் தடம் விழும் என்பதால் சமையலறைக்கு ஆகாது. கல்லும் அதன் அடியில் போடும் கலவையும் தடிமனானவை. பழைய தரைமேல் பதித்தால் கதவுகளின் அடியை அறுக்க நேரும்.

என் வாக்கு பழைய மொசைக்குக்கே. வெள்ளை, கறுப்பு, பச்சைப் பளிங்குச் சில்லுகள் அழுக்குக்கு அடியில் அப்படியேதான் இருக்கின்றன. தண்ணீர் விட்டு, முரட்டுத் தேய்ப்புக் கல்லில் தொடங்கி நயமான கல் வரை இயந்திரத்தால் தேய்த்து, பொத்தல்களை அதே நிறச் சிமென்டால் அடைத்து மெருகேற்றினால் அந்த நிறங்கள் மேலே வந்துவிடும். மூலைகளைக் கையால்தான் தேய்க்க வேண்டும். அதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். தேய்க்கும்போது எங்கும் சேறாகும், ஆகவே சாமான்களை அகற்றிவிடுங்கள். தட்டிப் பார்த்து வெற்றொலி கேட்டாலோ தரை உள்வாங்கியிருந்தாலோ மெருகு மட்டும் போதாது.

அப்படிப் பெயர்த்தே ஆக வேண்டிய அறை இருந்தால், அங்கே ஆத்தங்குடிக் கல்லைப் பதியுங்கள். பூஜை அறைக்கு மிகவும் பொருந்தும். குளியலறைக்கு வழுக்காத டைல்ஸே போதும். ஆத்தங்குடிக் கல்லைக் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கி வையுங்கள். பின்னால் ஒன்று உடைந்தால் அதே நிறம் மறுபடி அமைவது கடினம்.