87,500 ரூபாய் போச்சு: மூன்று சக்கர பேட்டரி வண்டி வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று விடிந்ததும் உட்கார்ந்துவிட்டேன். ஆறிவிட்டால் "போகட்டும், நம்ம நேரம்" என்று நானே விட்டுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

தொகையை முதலில் சொல்லிவிடுகிறேன். எண்பத்தேழாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஐம்பதாயிரம் சீட்டு எடுத்தது, மீதி அம்மாவின் வளையலை அடகு வைத்தது. மாசியில் வாங்கிய வண்டி, இன்னும் ஆடி பிறக்கவில்லை, வாசலில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது.

எனக்கு வீடு அவிநாசி. வேலை திருப்பூரில், காங்கேயம் ரோட்டுப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுவது. போக வர முப்பது கிலோமீட்டர். முன்பு ஸ்கூட்டர் வைத்திருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் மழையில் சறுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்து பிளேட் வைத்தார்கள். அதிலிருந்து இரண்டு சக்கரம் என்றாலே கை நடுங்குகிறது. காலையில் டவுன் பஸ்ஸில் போய்விடுவேன். பெண்களுக்கு டிக்கெட் இல்லை, நிற்க இடம் கிடைத்தால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஷிப்மென்ட் நேரத்தில்தான் கஷ்டம். ராத்திரி பத்து மணிக்குக் கணக்கை மூடிவிட்டு வெளியே வந்தால் ஆட்டோவை விட்டால் வழி கிடையாது, மாதக் கடைசியில் அதற்கே ஒன்றரை ஆயிரம் போய்விடும்.

பக்கத்து வீட்டு அண்ணனுக்குச் சின்ன வயதில் போலியோ. சைடு வீல் வைத்த ஸ்கூட்டரில் இருபது வருடமாக ஓட்டுகிறார், ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி ஆர்.சி.யில் ஏற்றிய வண்டி. "அந்த மாதிரி ஏதாவது முறையா பாரு சாமி" என்று அவர் சொன்னார். பெட்ரோல் லிட்டர் நூறைத் தாண்டி நிற்கும்போது எதற்கு அது என்று எனக்குத் தோன்றியது. கேட்டிருக்கலாம்.

அப்புறம்தான் போனில் அந்த வீடியோ வந்தது. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, ஓட்டுகிறவருக்கு ஒரு சீட், பின்னால் இரண்டு பேர் உட்கார பெஞ்சு மாதிரி ஒன்று, மேலே சின்னக் கூரை. ஒரு பாட்டி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஓட்டுகிறார். "லைசென்ஸ் வேண்டாம், ஆர்.சி. வேண்டாம், ஒரு சார்ஜுக்கு 80 கிலோமீட்டர்." அதை நான் நாலு தடவை பார்த்தேன். அதோடு என் போன் அதே கடையை ஒரு வாரம் விடாமல் காட்டியது.

கடை எதுவென்று எழுதப் போவதில்லை. கோயம்புத்தூர் போகிற வழியில் பேட்டரி வண்டி விற்கிற கடைகளில் ஒன்று, அவ்வளவு போதும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். முதலாளிக்கு முப்பது வயதுகூட இருக்காது. அம்மாவைப் பார்த்ததும் அவனே எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தான். டீ வந்தது, அம்மாவுக்கு மட்டும் சர்க்கரை இல்லாமல். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதை வரும்போதே பேச்சுவாக்கில் நான்தான் சொல்லியிருந்தேன், அதை அவன் மறக்கவில்லை. நான் விழுந்த இடம் அதுதான். வண்டியைப் பார்த்து ஏமாறவில்லை, அந்தச் சர்க்கரை போடாத டீயைப் பார்த்து ஏமாந்தேன்.

ஓட்டிப் பார்க்கக் கொடுத்தான். "நான் வரலீங்க்கா, நீங்களே அம்மாவ உக்கார வெச்சு ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. உங்க மேல நம்பிக்கை இருக்குதுங்க." அவனுக்கு என் மேல் நம்பிக்கையாம்! முந்நூறு மீட்டர் போய் வந்தேன், கால் ஊன்ற வேண்டியதில்லை, கை நடுங்கவில்லை. இரண்டு வருடம் கழித்து நானே ஒரு வண்டி ஓட்டுகிறேன் என்ற சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முந்நூறு மீட்டரும் சமதளம். இன்றைக்கு அது உறைக்கிறது.

ஆர்.சி. பற்றிக் கேட்காமல் இல்லை. மோட்டாரில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினான். "250 வாட்டுங்க்கா. இதுக்கெல்லாம் ஆர்.டி.ஓ. பக்கமே போக வேண்டாம்." போனில் ஏதோ சான்றிதழின் படத்தையும் காட்டினான். முத்திரை இருந்தது, புனே என்று ஊர் பெயர் இருந்தது. எந்த மாடலுக்கு என்று நான் பார்க்கவில்லை.

அடுத்ததுதான் சொல்லவே வெட்கமான விஷயம். பத்தாயிரம் போனில் அனுப்பினேன், மீதி எழுபத்தேழாயிரத்து ஐந்நூறை ரொக்கமாகக் கேட்டான். "ஜி.எஸ்.டி. பில் போட்டா அஞ்சு பர்சன்ட் கூட வருமுங்க்கா, நாலாயிரத்து சொச்சம். உங்களுக்கு எதுக்கு வீண் செலவு?" என்று ஒரு எஸ்டிமேட் தாளில் எழுதிக் கொடுத்தான். பதினாறு வருடமாக நூல் கடை, டையிங், பிரின்டிங் என்று யார் பில் கொடுத்தாலும் ஜி.எஸ்.டி. நம்பரில் ஒரு எழுத்து தவறியிருந்தால் திருப்பி அனுப்புகிறவள் நான். நாலாயிரத்து முந்நூற்று எழுபத்தைந்து ரூபாய் மிச்சம் என்று அந்தத் தாளை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு வந்தேன். அதில் கடை பெயர்கூட அச்சடித்திருக்கவில்லை.

முதல் மாதம் சரியாகத்தான் ஓடியது, அல்லது அப்படி நினைத்துக்கொண்டேன். கம்பெனியில் வாட்ச்மேன் தாத்தா சார்ஜ் போட விட்டதால் ஒரு வழி தூரத்துக்கு மேல் நான் ஓட்டவே இல்லை. ஒரு நாள் அங்கே கரன்ட் இல்லை. திரும்பி வரும்போது பூண்டி வருவதற்குள் வண்டி நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. கணக்குப் போட்டால் இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இல்லை. எண்பது எங்கே போனது?

போன் செய்தேன். "புது பேட்டரி செட் ஆகணுமுங்க்கா, ஒரு மாசம் ஓட்டுங்க." ஓட்டினேன், இன்னும் குறைந்தது. "மழையில நனைச்சீங்களா?" பங்குனியில் திருப்பூரில் எங்கே மழை? "ரெண்டு பேர் போனீங்களா?" பெஞ்சு எதற்கு வைத்திருக்கிறது? அடுத்த தடவை கடைப் பையன் எடுத்தான். "டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தாம விட்டிருப்பீங்க." ஊற்றுவதற்கு அந்த பேட்டரியில் மூடியே கிடையாது, சீல் வைத்தது. அதைச் சொன்னதும் "ஓனர் வெளியூர் போயிருக்காருங்க" என்று வைத்துவிட்டான். அந்த ஓனர் மூன்று வாரம் வெளியூரிலேயே இருந்தார். வாட்ஸ்அப்பில் மட்டும் தினமும் புது வண்டிக்குப் பூசை போடுகிற ஸ்டேட்டஸ் வரும்.

சித்திரைக் கடைசியில் ரயில்வே மேம்பாலம் ஏறும்போது நடுவில் நின்றேவிட்டது. காலை ஒன்பது மணி, பின்னால் வரிசையாக ஹாரன். இரண்டு பையன்கள் தள்ளி இறக்கிவிட்டார்கள். கீழே நின்ற டிராபிக் போலீஸ்காரர் வந்து நம்பர் பிளேட் எங்கே என்று கேட்டார். 250 வாட் கதையை அவரிடமும் ஒப்பித்தேன். குனிந்து பார்த்து ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பினார், அடியில் மோட்டாரிலேயே பொறித்திருந்தது 1000 வாட். அவர் அபராதம் போடவில்லை. "யாரும்மா உங்களை இப்படி ஏமாத்துனது?" என்று கேட்டுவிட்டு ஓரமாக நிறுத்தச் சொன்னார். அழுகையே அப்போதுதான் வந்தது.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் போனேன். அங்கே ஒரு அம்மா பொறுமையாகச் சொன்னார். மோட்டார் 250 வாட்டுக்குக் குறைவு, வேகம் 25 கிலோமீட்டருக்குக் குறைவு, அதையும் அங்கீகாரம் உள்ள சோதனை நிறுவனம் பார்த்துச் சான்று கொடுத்திருக்க வேண்டும், அப்படிப்பட்ட வண்டிக்குத்தான் பதிவு வேண்டாம். மூன்று சக்கரம் என்பதற்காகத் தனி விலக்கு எதுவும் கிடையாது. "இ-ரிக்‌ஷா மாதிரிதானுங்க்கா" என்று அவன் சொன்னதையும் சொன்னேன். இ-ரிக்‌ஷாவுக்கு 2015-லேயே சட்டம் வந்தாயிற்று, 4000 வாட் வரைக்கும், பதிவும் வேண்டும், லைசென்ஸும் வேண்டும், அது வாடகைக்கு ஓட்டுகிற வண்டி என்றார். சரி, இப்போதாவது பதிவு செய்துகொள்கிறேன் என்றேன். விற்றவர் கொடுக்கிற படிவம் 21, தயாரித்த கம்பெனி கொடுக்கிற படிவம் 22 இரண்டையும் கேட்டார். என்னிடம் இருந்தது எஸ்டிமேட் தாள். சேஸிஸ் நம்பரைத் தேடினோம், வண்டியில் எங்குமே இல்லை. பதிவு இல்லாததால் இன்சூரன்ஸும் கிடையாது. மூன்று மாதம் நான் யார் மேலாவது இடித்திருந்தால்? நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

அனுப்பர்பாளையத்தில் ஒரு பேட்டரிக் கடைக்காரர் நாலு பேட்டரியையும் கழற்றி லோடு கொடுத்துப் பார்த்தார். எல்லாம் பன்னிரண்டு வோல்ட், அதில் இரண்டு லோடு கொடுத்ததும் ஒன்பதுக்கு இறங்கியது. தயாரித்த தேதி இருக்க வேண்டிய இடம் சுரண்டியிருந்தது, எங்கேயோ ஓடித் தேய்ந்ததைப் புது ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். "புதுசா இருந்தாலும் 48 வோல்ட், 32 ஆம்பியர் ஹவர். பெருக்கிப் பாருங்க, ஒன்றரை யூனிட்டுதான். இந்தக் கனத்துக்கு முப்பது, முப்பத்தஞ்சு கிலோமீட்டர் போனாலே பெரிசுங்க" என்றார். ஒரு பெருக்கல் கணக்கு. அதைக்கூட நான் போட்டுப் பார்க்கவில்லை.

நேற்று சாயங்காலம் நேரிலேயே போனேன். ஓனர் இருந்தான். நாற்காலியும் இல்லை, டீயும் இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வேணும்னா எடுத்துக்கறேங்க, பதினெட்டாயிரம் தர்றேன்" என்றான். எண்பத்தேழாயிரத்து ஐந்நூறுக்கு வாங்கிய வண்டிக்கு, நாலு மாதத்தில், பதினெட்டாயிரம்! பணம் கொடுத்ததற்கு என்ன ஆதாரம் என்று வேறு கேட்டான். பத்தாயிரம் அனுப்பிய கணக்கு வேறு யாரோ ஒரு பெண் பெயரில் இருக்கிறது. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு குடும்பம் வண்டி பார்க்க வந்தது, கூட ஒரு வயதான அம்மா. அவன் எழுந்து நாற்காலியை நகர்த்தினான். "வாங்காதீங்க" என்று வாய்விட்டுக் கத்தினேன். பையன் என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்து விட்டான். வீட்டுக்கு வருவதற்குள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து, புகார் வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்க வேண்டும், இன்று மதியம் போகிறேன். நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் காலையில் கூப்பிட்டுப் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும் என்றார்கள். போடுவேன். பில் இல்லாமல் எவ்வளவு தூரம் நிற்கும் என்பது வேறு.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று வரிசையாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது நாலைந்துதான் ஞாபகம் வருகிறது. ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். பணம் கடையின் பெயரில் உள்ள கணக்குக்கே போகட்டும். சேஸிஸ் நம்பரைக் கண்ணால் பாருங்கள். ஆர்.சி. வேண்டாம் என்று சொன்னால், சான்றிதழில் இருக்கிற மாடலும் வண்டியில் இருக்கிற மாடலும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஓட்டிப் பார்க்கக் கொடுத்தால் ஏதாவது மேம்பாலத்தில் ஏற்றிப் பாருங்கள், பின்னால் ஆளை வைத்துக்கொண்டு.

இன்னும் இருக்கிறது, ஆனால் நேரமில்லை. வளையலுக்கு வட்டி கட்ட இன்றைக்குக் கடைசி நாள், ஒன்பதே காலுக்கு டவுன் பஸ்.