சூரியன் டப்பா, நிலா டப்பா

19 நாள் படுக்கைக்குப் பிறகு என் தம்பியை டிஸ்சார்ஜ் செய்தபோது, ஒரு பிளாஸ்டிக் பை நிறைய மாத்திரை கொடுத்தார்கள். டிபி என்று சேர்த்த இடத்தில்தான் எச்ஐவி இருப்பதும் தெரிந்தது. எதை எப்போது போடுவது என்று கேட்டால், "சீட்டுல எழுதியிருக்கும்மா" என்றார்கள். சீட்டில் எழுதியிருந்ததை மருந்துக்கடைக்காரரால்கூட படிக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரி கதையை விடுங்கள். நான் எழுத வந்தது, எங்கள் மாவட்டத்தில் எச்ஐவி உள்ளவர்களுக்காக நடக்கும் ஆதரவு மையத்தைப் பற்றி. ஏஆர்டி மையத்து (எச்ஐவிக்கு மாத்திரை கொடுக்கும் அரசு மையம்) கவுன்சிலர்தான் நம்பர் கொடுத்தார். பெயர் போடாததற்குக் காரணம் உங்களுக்கே புரியும்.

மூன்றாம் நாள் ஆதரவு மையத்திலிருந்து ஒரு அக்கா போன் செய்தார். "வீட்டுக்கு வரேன். பக்கத்துல யாராச்சும் கேட்டா என்னை யாருன்னு சொல்வீங்க?" எனக்கு அதுவரை இது தோன்றவேயில்லை. சீட்டுப் பணம் வாங்க வந்தவர் என்று முடிவு செய்தோம். (எதிர்வீட்டம்மா தன்னையும் அந்தச் சீட்டில் சேர்த்துவிடச் சொல்லி இன்றுவரை என்னை நச்சரிக்கிறார்.)

அந்த அக்காவுக்கும் எச்ஐவி உண்டு. அரசு 2004 ஏப்ரலில் இலவசமாக மாத்திரை கொடுக்க ஆரம்பித்தபோது முதலில் தொடங்கிய மையங்களில் தாம்பரமும் ஒன்று. மாத்திரைக்காக ராத்திரி பஸ் ஏறித் தாம்பரம் போன கதையை அவர் சொல்லச் சொல்ல, அதுவரை சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்த தம்பி எழுந்து உட்கார்ந்தான்.

அப்புறம் பையைப் பாயில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தார். எச்ஐவிக்கான மூன்று மருந்தும் ஒன்றாகச் சேர்ந்த பெரிய மாத்திரையை இரவில் சரியாகத்தான் போட்டுக்கொண்டிருந்தான். கூட இருந்த இன்னொரு டப்பாவைச் சத்து மாத்திரை என்று நினைத்து ஓரமாக வைத்துவிட்டோம். அது டோலுடெக்ராவிர், பெரிய மாத்திரையில் இருக்கும் மூன்றில் ஒன்று. டிபிக்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், உடம்பில் இந்த மருந்தின் அளவைக் குறைத்துவிடுமாம். அதனால் இரவு மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து 50 மில்லிகிராம் தனியாகப் போட வேண்டும். அக்கா தானாக எதுவும் சொல்லவில்லை; ஏஆர்டி டாக்டருக்குப் போன் போட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு மார்க்கரால் ஒரு டப்பாவில் சூரியனும் இன்னொன்றில் நிலாவும் வரைந்தார். தம்பி ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அன்றிலிருந்து ஒரு வேளைகூடத் தப்பவில்லை.

இப்படிச் சின்னச் சின்னதாக நிறைய. பஸ்ஸில் பை குலுங்கினால் மாத்திரை சத்தம் போடும், பாட்டிலுக்குள் கொஞ்சம் பஞ்சு வை என்றார். நெஞ்செரிச்சலுக்கு ஆன்டாசிட் குடிப்பதானால் அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே எச்ஐவி மாத்திரையைப் போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் குடித்து ஆறு மணி நேரம் கழித்து. டிபி நோயாளிக்கு வரும் மாதம் 1,000 ரூபாய்க்குப் பேங்க் பாஸ்புக் வாங்கிப்போனதும் அவர்தான்.

தம்பி டீ மாஸ்டர். வேலைக்குத் திரும்பினால் முதலாளியிடம் சொல்லியாக வேண்டுமா என்பதுதான் அவனுக்குப் பெரிய பயம். "கட்டாயம் இல்ல தம்பி. டீ கிளாஸ்ல இது பரவாது. இதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்தக் கூடாதுன்னு 2017-லயே சட்டம் வந்தாச்சு" என்றார். ஆறாம் மாத வைரல் லோடு (ரத்தத்தில் எச்ஐவி கிருமியின் அளவு) பரிசோதனையில் கண்டறிய முடியாத அளவு என்று வந்தது. இப்போது கடையில் நிற்கிறான்.

ஐந்துக்கு நாலு ஸ்டார். ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம் ஒரு போன். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், எடுத்தது யார் என்றுகூடக் கேட்காமல், "ஏஆர்டி விஷயமா பேசறோம்" என்று என் மகனிடம் சொல்லிவிட்டான். அன்று ராத்திரி வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. புகார் சொன்னபின் இப்போது முதலில் பெயர் கேட்கிறார்கள், சரி. கூட்டத்தை இன்னும் வேலை நாளில் பகல் பதினொரு மணிக்குத்தான் வைக்கிறார்கள். தினக்கூலிக்காரர் எப்படி வருவார்? ஆபீஸ் வேறு இரண்டாவது மாடியில். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த உடம்போடு தம்பி மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினான்.

உங்கள் வீட்டில் யாரையாவது இப்படி டிஸ்சார்ஜ் செய்வதானால், வார்டை விட்டு இறங்கும் முன்பே கவுன்சிலரிடம் இந்த மாதிரி மையத்தின் நம்பரை வாங்கிவிடுங்கள். எச்ஐவி உதவி எண் 1097-க்கு அடித்தும் கேட்கலாம், காசு கிடையாது.

டிபி மருந்து முடிந்த பிறகும் இரண்டு வாரம் சூரியன் டப்பாவைத் தொடரச் சொன்னார்கள். அதுவும் தீர்ந்தது. காலி டப்பாவைத் தம்பி கழுவிக் காயவைத்து ஏலக்காய் போட்டு வைத்திருக்கிறான்.