பழைய காரை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா? குழந்தைகள் உள்ள வீட்டுக்கு எது சரிப்பட்டு வரும்

காலை ஏழே முக்கால். பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள். சின்னவள் ஒரு ஷூவைப் போட்டுக்கொண்டு இன்னொன்றைக் கையில் வைத்திருக்கிறாள். முன் சீட்டில் அம்மா, ஸ்கேன் ரிப்போர்ட் கவரை மடியில் வைத்தபடி. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி திருப்பினேன், மறுபடி 'டிக்'. "இன்னிக்கும் லேட்டாப்பா?" என்று பெரியவன் கேட்டபோது அவன் குரலில் கோபம்கூட இல்லை, பழகிப்போயிருந்தது. அதுதான் எனக்கு வலித்தது.

எங்கள் காருக்கு 14 வயது. இதை வைத்துக்கொள்வதா, தலைமுழுகுவதா என்று யாரிடம் கேட்டாலும் பணக் கணக்கில்தான் ஆரம்பிக்கிறார்கள். பிள்ளைகளும் வயதானவர்களும் உள்ள வீட்டில் முதலில் பார்க்க வேண்டிய கணக்கு வேறு: அந்த ஏழே முக்கால் மணிக்கு வண்டி கிளம்புமா? இருக்கிற வழிகளை அந்தக் கேள்வியை வைத்தே அலசிப் பார்க்கிறேன்.

நின்றால் பார்த்துக்கொள்ளலாம்

பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். யாரும் யோசித்து எடுத்த முடிவல்ல, நேரமில்லாததால் தானாக அமைந்துவிடுவது. இதில் செலவு குறைவு என்று தோன்றும். ஆனால் நடுரோட்டில் நின்ற வண்டிக்குப் பேரம் பேச முடியாது, பழுது என்னவென்று நிதானமாகத் தேடவும் முடியாது. எங்களுக்கு ஒருமுறை டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிந்தது. பேட்டரிதான் போய்விட்டது என்று அவசரத்தில் புதிதாக வாங்கிப் போட்டோம். இரண்டே நாளில் அதுவும் படுத்துவிட்டது. உண்மையில் எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவே இல்லை.

வோல்ட் அளக்கும் ஒரு சின்ன மல்டிமீட்டர் கையில் இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். இரவு முழுக்க நின்ற வண்டியில், நன்றாகச் சார்ஜ் உள்ள பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வரை ஏறும். ஓடும்போதும் 12-ஐ ஒட்டியே நின்று, போகப்போக இறங்கினால் ஆல்டர்னேட்டர் பக்கம்தான் பார்க்க வேண்டும்.

முன்கூட்டியே பார்த்து வைப்பது

என் ஓட்டு இதற்குத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டே இருப்பதல்ல இது. பழுதுகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்: சொல்லிவிட்டு வருபவை, சொல்லாமல் வருபவை.

கிளட்ச் வழுக்க ஆரம்பித்தால் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்துவிடும். பிரேக் பேட் தேய்ந்தால் பல வண்டிகளில் கீச்சிடும். வீல் பேரிங் வேகத்தோடு சேர்ந்து முனகும். பிரேக்கைத் தள்ளிப்போடவே கூடாது. மற்றவற்றுக்கு நாள் குறித்துப் பார்த்துக்கொள்ள அவகாசம் கிடைக்கும்.

எஞ்சினுக்குள் பிஸ்டனையும் வால்வையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் டைமிங் பெல்ட் அப்படியில்லை. பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல் அறுந்துவிடும். பல எஞ்சின்களில் அறுந்த நொடியே பிஸ்டனும் வால்வும் மோதி, எஞ்சினே போய்விடும். வண்டிக் கையேட்டில் இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை வருடம் என்று போட்டிருப்பார்கள். வண்டி அதிகம் ஓடவில்லை என்றாலும் வருடக் கணக்கை மதிக்க வேண்டும். சில எஞ்சின்களில் பெல்ட்டுக்குப் பதில் செயின் இருக்கும். உங்களுடையது எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது கூலன்ட், எஞ்சின் சூட்டைத் தணிக்கும் திரவம். எஞ்சின் ஆறியிருக்கும்போது வாரம் ஒருமுறை அளவைப் பாருங்கள். அது குறைந்துகொண்டே வந்தால் எங்கோ போகிறது என்று அர்த்தம். தண்ணீர் ஊற்றிச் சமாளித்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் எஞ்சின் கொதித்து, அதன் மேல்பாகத்தைக் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட் போகும். ஒரு ஹோஸை மாற்றுவதோடு முடிந்திருக்க வேண்டிய வேலை அப்போது எஞ்சினைப் பிரிப்பதில் போய் நிற்கும். டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போனால் வீடு எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் ஓரமாக நிறுத்தி அணைத்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் பீய்ச்சியடிக்கும்.

பேட்டரிக்குக் குடும்பமே எதிரி. பள்ளிக்குப் போய்வரும் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டத்தில், ஸ்டார்ட் செய்யச் செலவான சார்ஜ்கூட முழுதாகத் திரும்பி ஏறாது. அதற்கு மேல் கதவைச் சரியாகச் சாத்தாமல் ஓடும் பிள்ளைகள், இரவெல்லாம் எரியும் உள்பக்க விளக்கு. வாரத்தில் ஒருநாளாவது அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள். பேட்டரிக்கு நான்கு வயதானால் சோதித்துப் பாருங்கள். அந்த 'டிக்' காலையில் எங்களைக் கவிழ்த்தது பேட்டரிகூட இல்லை. பேட்டரியில் வயர் மாட்டும் டெர்மினலில் படிந்திருந்த பச்சையும் வெள்ளையுமான தூள்தான். மெக்கானிக் அதைக் கழற்றிச் சுரண்டித் துடைத்து இறுக்கினார், வண்டி உடனே கிளம்பியது.

வேறொரு பழைய கார்

இதன் பெரிய லாபம் பாதுகாப்பு, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நம் கார் மிகப் பழையது என்றால் அதில் இல்லாத ஏர்பேக், வண்டி சறுக்காமல் பிடிக்கும் ஈஎஸ்சி, குழந்தை சீட்டை இறுக்கிப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் எல்லாம் இதில் கிடைக்கலாம். ஆனால் அதன் சரித்திரம் நமக்குத் தெரியாது. விற்றவர் தள்ளிப்போட்ட வேலையெல்லாம் நம் தலையில் விழும். வண்டியைப் பார்க்கப் போகும்போது, நீங்கள் வரும்வரை அதை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே சூடாக இருக்கும் எஞ்சின் பல குறைகளை மறைத்துவிடும். டயர் ஓரத்தில் உள்ள நான்கு இலக்கத்தையும் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது.

புது கார் என்றால் வாரண்டி உண்டு, காலையில் கிளம்பும். வருமானம் நிலையாக உள்ள வீட்டுக்கு அது சரி. தவணை கட்டுவதே புதிய பதற்றமாகிவிடும் வீட்டுக்கு வேண்டாம்.

கார் இல்லாமலே

பள்ளியும் வேலையும் நடக்கிற தூரத்தில் இருந்தால் இதற்கு நிகரில்லை. எங்களுக்கு ஒரே நேரத்தில் இரண்டு திசை, அதிக தூரம் நடக்க முடியாத அம்மா. அவசரமான நேரத்தில் வாடகை வண்டி வரும் வரும் என்று காத்திருந்தது தனிக் கொடுமை. ஆனால் இதில் பாதியை எடுத்துக்கொண்டோம். பெரியவன் வாரத்தில் மூன்று நாள் பக்கத்து வீட்டுக் காரில் போகிறான், மற்ற இரண்டு நாள் அவர்கள் பிள்ளை எங்களோடு வருகிறது. வண்டி நின்றாலும் அன்றைய காலை மொத்தமாகக் கவிழ்வதில்லை.

பழைய காரை எப்போது விடுவது? அடிச்சட்டத்தைத் துரு தின்றுவிட்டால், கியர்பாக்ஸ் உள்ளுக்குள் பழுதாகிவிட்டால், ஒருமுறை கொதித்த எஞ்சின் மறுபடி மறுபடி கொதித்தால், அன்றைக்கே விட்டுவிடலாம். எங்களுடையது இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. டேஷ்போர்டு பெட்டியில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், மாற்றியதும் மாற்ற வேண்டியதும் அதில் இருக்கிறது. அடுத்த வரி டைமிங் பெல்ட். பள்ளி விடுமுறையின் முதல் வாரத்தில் மெக்கானிக்கிடம் நாள் வாங்கியாயிற்று. அந்த வாரம் காலையில் யாரையும் எங்கேயும் கொண்டுபோய் விட வேண்டியதில்லை.