ஏற்காட்டில் இரண்டே முக்கால் மணி

மே மாதம் ஏற்காட்டுக்குப் போனேன் என்றால் எல்லோரும் குளிரைப் பற்றிக் கேட்கிறார்கள். நான் பார்த்ததெல்லாம் மோடத்தில் மினுக்கும் பச்சை விளக்கைத்தான். எனக்கு வீடும் வேலையும் இங்கிலாந்தில்; இங்கே மதியம் ஒன்றரைக்கு அங்கே காலை ஒன்பது. லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாக வேண்டும். நாகலூர் ரோட்டில் உள்ள எங்கள் காப்பித் தோட்டத்து வீட்டுக்கு ஃபைபர் இன்னும் ஏறி வரவில்லை. செல்போனில் ஒரு கோடு வரும், போகும். மிச்சம், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே தொங்கி வரும் பழைய டெலிபோன் கம்பி. அதில்தான் பிராட்பேண்டு.

மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தால் லைன் இழப்பு, அதாவது கம்பி வழியே வருவதற்குள் சிக்னல் தேய்வது, 55 டெசிபல். கிலோமீட்டருக்குச் சுமார் 14 போகும் என்று வைத்தால், டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து 4 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துக்கு 2 மெகாபிட் வந்ததே புண்ணியம். 2004-ல் நம் அரசாங்கம் 256 கிலோபிட்டுக்கே பிராட்பேண்டு என்று பெயர் வைத்தது. இங்கிலாந்தில் என் வீட்டுக்கு வருவதும் இதே செம்புக் கம்பிதான். தெருமுனைப் பச்சைப் பெட்டி வரை ஃபைபர், அப்புறம் 200 மீட்டர்தான் செம்பு. அதனால் 60 மெகாபிட் வருகிறது.

சரி, வேகம் குறைவு, பொறுத்துக்கொண்டேன். ஆனால் தினமும் இரண்டே முக்கால் வாக்கில், மீட்டிங் நடுவில், பச்சை விளக்கு அணையும். அரை மணி நேரம் கழித்து எதுவுமே நடக்காதது போல எரியும். மேலாளர் பாவம், எங்கள் மலையில் தினமும் இடி விழுகிறது என்று நம்பியிருந்தார்.

புகார் கொடுத்தேன். மறுநாள் காலையில் 'தங்கள் குறை சரிசெய்யப்பட்டது' என்று செய்தி வந்தது, ஆள் வரவில்லை. மூன்று முறை இப்படியே. அங்கேயானால் 8 மணிக்கும் 1 மணிக்கும் நடுவில் வருவோம் என்று ஒரு நாளைக் கெடுப்பார்கள், ஆனால் வந்துவிடுவார்கள். கடைசியில் ஒண்டிக்கடை டீக்கடைக்காரர்தான் "லைன்மேன் இந்நேரம் இங்கதானுங்க டீ குடிப்பாரு" என்றார்.

வந்தவர் மோடத்தைத் தொடவே இல்லை. "தம்பி, மாடியில இன்னொரு போன் இருக்குதுங்களா?" என்றார்.

இருந்தது. தாத்தா அறையில், டயல் சுற்றும் கறுப்பு போன். அம்மாப்பேட்டை அத்தை தினமும் சாப்பிட்டு முடித்து அதில்தான் அப்பாவைக் கூப்பிடுவார். மணியடிப்பது எனக்கும் கேட்கும்; அதற்கும் நெட்டுக்கும் முடிச்சுப் போடத் தோன்றவில்லை. ஒரே கம்பியில் பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குள்ளும், நெட் அதற்கு மேலே 25 கிலோஹெர்ட்ஸிலிருந்து ஒரு மெகாஹெர்ட்ஸையும் தாண்டியும் ஓடுகிறது. இரண்டையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் கீழே மட்டும் இருந்தது. மாடி போனுக்கு ஒயர் அதற்கு முன்னாலேயே பிரிந்து போகிறது. அப்பா ரிசீவரை எடுத்தால், இந்த நோஞ்சான் சிக்னல் அவ்வளவுதான்.

இதில் எனக்கு வெட்கமான விஷயம், அங்கே முதல் வீட்டில் குடியேறிய அன்று, மோடத்தோடு வந்த சின்ன வெள்ளை ஃபில்டர்களை ஒவ்வொரு சாக்கெட்டிலும் நானே மாட்டினேன். எதற்கென்று யோசிக்கவே இல்லை.

லைன்மேன் மாடி ஒயரைக் கழற்றிவிட்டு, வாசல் கம்பத்தில் பச்சை பூத்திருந்த முறுக்கு இணைப்பையும் வெட்டிப் புதிதாகப் போட்டார். காசு வாங்கவில்லை, அம்மா கொடுத்த மிளகுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்.

இன்னொரு ஸ்ப்ளிட்டருக்காக 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை கடையாக ஏறினேன். "அதெல்லாம் இப்ப யாருங்க கேக்கறாங்க?" நாலாவது கடைக்காரர் பரணில் தேடி, தூசி தட்டிக் கொடுத்தார். தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு மலை ஏறினேன். அதுவரை அப்பா கீழே இறங்கி வந்துதான் அத்தையிடம் பேசினார், மீட்டிங்கில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி.