கரையானுக்கு எந்த மருந்து: குளோர்பைரிபாஸா, இமிடாகுளோபிரிடா?

சித்திரையில் முதல் கோடை மழை பெய்த ராத்திரி லைட்டைச் சுற்றி ஈசல் பறப்பது நம்ம ஊரில் யாருக்கும் புதிதில்லை. தோட்டத்துப் புற்றிலிருந்து வந்தால் கவலையில்லை, விளக்கை அணைத்தால் போய்விடும். ஆனால் நிலவுக்கும் (கதவின் மரச்சட்டம்) சுவருக்கும் நடுவில் இருக்கிற கீறலிலிருந்து வரிசையாகக் கிளம்பினால், தரைக்கடியில் கரையான் கூட்டம் நன்றாக முற்றிவிட்டது என்று அர்த்தம். காங்கேயம் பக்கத்தில் இருக்கிற எங்கள் பழைய ஓட்டு வீட்டில் போன வருடம் இதுதான் நடந்தது. மருந்து வைக்கிற ஆட்கள் இரண்டு பெயர் சொன்னார்கள்: குளோர்பைரிபாஸ், இல்லாவிட்டால் இமிடாகுளோபிரிட். நான் எடுத்தது இரண்டாவது. இன்னொரு தடவை வைக்க வேண்டி வந்தாலும் அதைத்தான் எடுப்பேன்.

சீமெண்ணெய், கழிவு ஆயில் பற்றி நீட்ட வேண்டியதில்லை. "நாலு சொட்டு ஊத்துங்க, ஓடிப் போயிருமுங்க" என்று சொல்ல எல்லா ஊரிலும் ஒருத்தர் இருப்பார். மேலே பட்ட பூச்சி சாகும், மண்ணுக்குள் இருக்கிற கூட்டுக்கு ஒன்றும் ஆகாது.

செய்கிற முறை இரண்டுக்கும் ஒன்றுதான். சுவரும் தரையும் சேருகிற இடத்தில் அடிக்கு ஒன்றாக 12 மி.மீ. துளை போட்டு, துளைக்கு ஒரு லிட்டர் வரைக்கும் மருந்துக் கலவையை இறக்கி, வெள்ளை சிமெண்டால் அடைக்க வேண்டும். ரெட் ஆக்சைடு தரையென்றால் அந்தப் புள்ளிகள் தெரியத்தான் செய்யும்.

வித்தியாசம் மண்ணுக்குள்ளே. குளோர்பைரிபாஸ் வேகமான மருந்து. அது கலந்த மண்ணில் கால் வைத்த கரையான் அங்கேயே செத்து விழும், செத்தது குவியக் குவிய பின்னால் வருகிறவை அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு வேறு வழி தேடும். புதிதாகக் கட்டுகிற வீட்டில் அஸ்திவாரம் போடும்போதே முழுவதும் தெளித்துவிட்டால் அதற்கு வேறு வழி கிடைக்காது, அங்கே இந்த மருந்து போதும். எங்களைப் போலக் கருங்கல்லை மண்சாந்தில் வைத்துக் கட்டிய அஸ்திவாரத்தில் கதை வேறு. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் எத்தனை பொந்து இருக்கிறது, எது எங்கே போகிறது என்று கட்டிய கொத்தனாருக்கே தெரியாது. ஒரு துளையில் ஊற்றிய மருந்து பக்கத்துத் துளை வரைக்கும் பரவியதா, பாதியில் ஒரு பொந்துக்குள் இறங்கிவிட்டதா என்று மேலே நின்று பார்க்கிறவர் எப்படிச் சொல்வது? எங்கேயாவது விரலளவு மண் நனையாமல் விட்டுப் போயிருந்தால் கரையான் அதைக் கண்டுபிடித்துவிடும்.

இமிடாகுளோபிரிட் இருக்கிற மண்ணைக் கரையான் அடையாளம் காண்பதில்லை, வழக்கம் போலப் போய் வரும். உடனே சாகாது. தீனி எடுப்பது குறையும், தடுமாறும், அதற்குள் மற்றவற்றோடு உரசி, நக்கிக்கொடுத்து, மருந்து ஓரளவுக்குக் கூட்டத்துக்குள் கைமாறும். மருந்து படாமல் விட்டுப்போன இடத்தைக் கரையான் தேடிப் போவதில்லை என்பதுதான் பழைய வீட்டுக்குப் பெரிய விஷயம். இதற்குப் பொறுமை வேண்டும். மருந்து வைத்த பிறகும் எங்கள் சமையலறைச் சுவரில் மண்கூடு கொஞ்ச நாள் ஈரமாகவே இருந்தது. நடுவில் ஒரு விரல்கடை உடைத்துவிட்டுப் பார்த்தால் மறுநாள் காலையில் அடைத்து வைத்திருந்தது. அப்புறம் ஒரு நாள் உடைத்தது உடைத்தபடியே கிடந்தது, உள்ளே காய்ந்த மண் மட்டும்தான்.

இமிடாகுளோபிரிட் பாட்டில் விலையைப் பார்த்து மிரள வேண்டாம். இமிடாகுளோபிரிட் 30.5 சதவீத மருந்து லிட்டர் தண்ணீருக்கு 2.1 மி.லி. போதும். குளோர்பைரிபாஸ் 20 சதவீத மருந்து 50 மி.லி. ஊற்ற வேண்டும். வீட்டுக்கு 60 துளை என்று வைத்தால் முன்னது 126 மி.லி., பின்னது 3 லிட்டர். வாடையும் குளோர்பைரிபாஸில்தான் அதிகம், தோட்டம் காட்டில் பயிருக்கு மருந்தடித்தவர்களுக்குத் தெரியும். குழந்தைகள் உடம்புக்கு ஆகாது என்ற கவலையில் அமெரிக்காவில் அதன் வீட்டு உபயோகத்தைப் பெரும்பாலும் நிறுத்த 2000-லேயே முடிவெடுத்துவிட்டார்கள்.

பழைய வீட்டிலும் குளோர்பைரிபாஸுக்கு இரண்டு இடம் உண்டு. நிலவு, ஜன்னல் சட்டம் போன்ற மரத்துக்குள் எண்ணெயில் கலந்து ஏற்றுவதற்கு அதுதான் சரி, மண்ணுக்கு வருகிற இமிடாகுளோபிரிட் எண்ணெயில் கலக்காது. இன்னொன்று, சற்றுத் தள்ளிக் கிணறு இருக்கிற வீடு. இமிடாகுளோபிரிட் தண்ணீரோடு நகரக்கூடியது, குளோர்பைரிபாஸ் மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆனால் சுவரை ஒட்டியே குடிதண்ணீர்க் கிணறு இருந்தால் அந்தப் பக்கம் இரண்டுமே வேண்டாம் என்பேன்.

எத்தனை வருடம் தாங்கும் என்பதில் என் அனுபவம் ஒரு வருடம்தான், அதுவும் செம்மண் பூமியில். அடுக்குமாடி வீட்டுக்கு நான் பேச வரவில்லை. எந்த மருந்தானாலும் சலதாரைத் தண்ணீர் சுவரோரம் ஊறிக்கொண்டிருந்தாலோ, தென்னை மட்டையும் விறகும் சுவரில் சாய்த்து அடுக்கியிருந்தாலோ சீக்கிரம் திரும்ப வைக்க வேண்டிவரும். ஆட்கள் வரும்போது சீல் உடைக்காத பாட்டிலை வாங்கிப் பார்த்து, கலப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். 2.1 மி.லி. கணக்கு என்பதால் குறைத்து ஊற்றினாலும் கண்ணுக்குத் தெரியாது. குளோர்பைரிபாஸ் ஊற்றினால் வாடை குப்பென்று அடிக்கும், அதை வைத்தே மருந்து மாறியிருக்கிறதா என்று கண்டுபிடித்துவிடலாம்.