ஒரு பக்கம் மட்டும் மங்கிய லென்ஸ்: சர்வீஸ் சென்டர் அனுபவம்

கல்யாண வேலைக்கென்று 35 எம்எம் எஃப்/1.8 லென்ஸ் ஒன்றைச் சென்னை அண்ணா சாலைப் பக்கம் ஒரு கடையில் வாங்கினேன். கடை பெயரும் கம்பெனி பெயரும் வேண்டாம். நடுவில் ஷார்ப்னஸ் பிரமாதம், குறையே இல்லை. ஆனால் மண்டபத்தில் எடுத்த குரூப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால், வலது கோடியில் நிற்கும் சித்தப்பாவின் சட்டைப்பையில் இருக்கும் பேனா வரை தெரிகிறது, இடது கோடியில் அத்தைக்கு முகமே கரைந்து கிடக்கிறது.

அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையை, முழுசாகத் திறந்தால் (இந்த லென்ஸில் எஃப்/1.8) ஓரம் கொஞ்சம் மங்குவது சகஜம்தான், ஆனால் இரண்டு ஓரமும் ஒரே அளவில் மங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் என்றால் பெரும்பாலும் டீசென்டரிங், அதாவது உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி மையம் விலகியோ சாய்ந்தோ உட்கார்ந்திருக்கிறது. மொட்டை மாடியில் ட்ரைபாட் போட்டு, தூரத்துக் கட்டடங்களை எஃப்/1.8-இல் ஒரு படம், அப்புறம் கேமராவைத் தலைகீழாக்கி அதே காட்சி இன்னொரு படம் எடுத்தேன். இப்போது மங்கல் அந்தக் கட்டடங்களை விட்டு எதிர்ப்பக்கக் கட்டடங்களுக்குப் போய்விட்டது, ஆக காட்சியில் தப்பில்லை. கேமராவே காரணமோ என்று அதே பாடியில் வேறு லென்ஸ் மாட்டினேன், அதில் இரண்டு ஓரமும் சரியாக இருந்தன. துளையை எஃப்/8-க்குச் சுருக்கினால் இந்தக் குறை முக்கால்வாசி மறைந்துவிடும், அதனால் வெயிலில் இப்படிச் சுருக்கியே எடுப்பவர்களுக்கு வாரண்டி முடியும் வரை தெரியாமலே போகலாம்.

கடையில் "பில் போட்டாச்சு சார், சர்வீஸ் சென்டர்ல பாத்துக்கோங்க" என்று முடித்துவிட்டார்கள். சர்வீஸ் சென்டரில் முதல் தடவை முன்கண்ணாடியைத் துடைத்து, "கம்பெனி நிர்ணயித்த அளவுக்குள் உள்ளது" என்று ஒரு சீட்டோடு திருப்பித் தந்தார்கள். எந்த அளவு, எங்கே பார்த்தீர்கள் என்றால் பதில் இல்லை. நடுவில் ஃபோகஸ் மட்டும் பார்த்திருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

அடுத்த தடவை படங்களை மெமரி கார்டில் கொண்டுபோய், இன்ஜினியரைப் பார்க்காமல் நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். (நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும் கைவசம் வைத்திருந்தேன், தேவைப்படவில்லை.) அவர் வந்து மானிட்டரில் படத்தை நூறு சதவீத அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்த மாத்திரத்தில் "ஆமா சார், சாஞ்சிருக்கு" என்றார். உள் லென்ஸ் குரூப்பையே மாற்றினார்கள், இந்திய வாரண்டி இருந்ததால் காசு வாங்கவில்லை. விலை குறைவு என்று வாரண்டி இல்லாத இம்போர்ட் சரக்கை எடுத்திருந்தால் இந்தச் செலவு என் தலையில்தான் விழுந்திருக்கும்.

இப்போது இரண்டு ஓரமும் சமம். லென்ஸுக்கு ஐந்துக்கு நாலு கொடுக்கலாம், அந்த இன்ஜினியருக்கு ஐந்துக்கு ஐந்து, அளந்த கணக்கைக் காட்டாமல் சீட்டு மட்டும் கொடுக்கும் சர்வீஸ் சென்டருக்கு இரண்டுதான். அங்கே கொடுக்கும்போது ஹூட், மூடி எல்லாவற்றையும் ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள், எனக்கு வேறு யாருடைய பின்மூடியோ வந்திருக்கிறது.